சும்மா கிடக்கும் கணினிக்கு என்ன விலை?

ஆம்பூரில் ஷூ கம்பெனி நடத்துகிறீர்கள், அல்லது ராணிப்பேட்டையில் டேனரி வைத்திருக்கிறீர்கள், அல்லது அப்படி ஓர் இடத்தில் கணக்கையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுங்கள், செலவு குறையும்" என்று ஒருவர் வந்து சொல்லியிருப்பார். "ஸ்பாட்டில் எடுத்தால் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்" என்று இன்னொருவர். "அரசாங்கமே மணிக்கு நூறு ரூபாய்க்குள் தருகிறதே" என்று மூன்றாமவர்.

மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்களிடம் இருக்கும் எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதை மூவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில், கிளவுட் என்றால் என்ன?

கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி) வானத்தில் எங்கும் இல்லை. மும்பையிலோ ஹைதராபாத்திலோ சென்னையிலோ ஒரு பெரிய கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கான கணினிகள், குளிரூட்டும் கருவிகள், ஜெனரேட்டர்கள். அதில் ஒரு பங்கை நீங்கள் உங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே இணையம் வழியாக இயக்குகிறீர்கள். பயன்படுத்திய நேரத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

அமேசான் 2006-ல் இந்த வியாபாரத்தைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னை, புனே, மும்பை ஆகிய ஊர்களில் தன் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பைக்கும் 2022-ல் ஹைதராபாத்துக்கும் வந்தது. கூகுள் 2017-ல் மும்பையிலும் 2021-ல் டெல்லியிலும் தொடங்கியது. ஆகவே வெளிநாட்டு கம்பெனியிடம் வாங்கினாலும் உங்கள் வேலை இந்தியாவுக்குள்ளேயே ஓடலாம். எந்த ஊர் மையம் என்பதைக் கணக்குத் தொடங்கும்போது நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

ஒரே கணினிக்கு ஏன் மூன்று விலை?

முதல் விலை, வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது விடுவது. எந்த ஒப்பந்தமும் இல்லை. மணிக்கணக்கு விலைகளில் இதுவே அதிகம்.

இரண்டாவது, ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. விற்பவருக்கு நிச்சயமான வருமானம் கிடைக்கிறது. உங்களுக்குத் தள்ளுபடி கிடைக்கிறது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இது பாதிக்கு மேல்கூடப் போகும்.

மூன்றாவது, ஸ்பாட் (அந்த நேரத்தில் விற்காமல் மீந்திருக்கும் கணினியை மலிவாக எடுப்பது). தள்ளுபடி 90 சதவீதம் வரை போகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முழு விலை கொடுப்பவர் வந்துவிட்டால் உங்களிடமிருந்து கணினியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றிலும் கணினி ஒன்றேதான். வேகம் குறையாது. ஸ்பாட்டைவிட நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் 'எடுத்துக்கொள்ள மாட்டோம்' என்ற உறுதிக்குத்தான்.

அவ்வளவு மலிவாக விற்பதில் அவர்களுக்கு என்ன லாபம்?

இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆர்டர் குறைந்த மாதத்தில் டேனரியில் டிரம்கள் சும்மா நிற்கும். அப்போது வெளியார் தோலை ஜாப் ஒர்க்காக எடுத்து, வழக்கத்தைவிடக் குறைந்த கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பார்கள். டிரம் நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்காது, வந்தவரை லாபம். கணினி மையமும் அப்படியே. அதிகபட்சத் தேவையைக் கணக்கிட்டுக் கட்டியிருப்பார்கள். மற்ற நேரங்களில் ஒரு பகுதி சும்மா இருக்கும். விற்காமல் போன ஒரு மணி நேரத்தை மறுநாள் விற்க முடியாது.

ஆனால் ஒப்புமை இங்கே முடிந்துவிடுகிறது. சுண்ணாம்பிலோ குரோமிலோ ஊறும் தோலைப் பாதியில் வெளியே எடுத்துப்போடச் சொன்னால் சரக்கு பாழ். கணினி வேலையை அப்படிப் பாதியில் நிறுத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யலாம். அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். இடைச்சேமிப்பு (வேலை எதுவரை வந்தது என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தனி இடத்தில் பதிந்துவைப்பது) என்று அதைச் சொல்லலாம். அது இருந்தால் ஸ்பாட் லாபம். இல்லாவிட்டால் ஸ்பாட்டிலும் சரக்கு பாழ்தான்.

பறிப்பதற்கு முன் சொல்வார்களா?

சொல்வார்கள், ஆனால் போன் செய்து அல்ல. அமேசானில் இரண்டு நிமிடம் முன்னால் கணினிக்குள்ளேயே ஒரு அறிவிப்பு வரும். கூகுளிலும் மைக்ரோசாஃப்டிலும் முப்பது விநாடிதான். மனிதர் யாரும் பார்த்து ஓடிவந்து காப்பாற்றும் அவகாசம் இது இல்லை. அறிவிப்பைப் பார்த்ததும் சேமித்துவிட்டு ஒதுங்க மென்பொருளுக்கே தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு வேலை செய்துதரும் ஆளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "பறித்துக்கொண்டால் என்ன ஆகும்?"

விலையை யார் வைக்கிறார்கள்? இது நிஜமாகவே சந்தையா?

கணினி நேரத்தை ஏலம் விடும் யோசனை பழையது. 1968-ல் ஐவன் சதர்லாந்து என்ற கணினி அறிஞர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஏற்பாட்டைப் பற்றி எழுதினார். அங்கே இருந்தது பி.டி.பி.-1 என்ற ஒரே கணினி, கேட்டவர்களோ பலர். ஆளுக்கு இவ்வளவு என்று 'யென்' என்ற பெயரில் ஒரு விளையாட்டுப் பணத்தைக் கொடுத்து, வேண்டிய மணி நேரத்தை ஏலம் கேட்கச் சொன்னார்கள். வேலையின் முக்கியத்துவத்தைப் பொறுத்துச் சிலருக்குக் கூடுதல் யென். அதன்பின் யாருக்கு எப்போது என்பதை ஏலமே தீர்மானித்தது.

நிஜப் பணத்துக்கு இதைக் கொண்டுவரும் வழிகளை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ராஜ்குமார் புய்யா. மைசூர், பெங்களூர் பல்கலைக்கழகங்களில் படித்து ஆஸ்திரேலியா போனவர். மெல்போர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கெடு, செலவு வரம்பு இரண்டையும் நீங்கள் சொன்னால், எந்தக் கணினியை எந்த விலைக்கு எடுப்பது என்று மென்பொருளே பேரம் பார்க்கும் முறைகளை அவரும் அவர் குழுவினரும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே உருவாக்கிவந்தார்கள்.

அமேசான் 2009 டிசம்பரில் ஸ்பாட்டைத் தொடங்கியபோது அது ஏலமாகத்தான் இருந்தது. நீங்கள் ஓர் உச்ச விலை சொல்வீர்கள். சந்தை விலை அதைத் தாண்டினால் கணினி போய்விடும். 2011-ல் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் பழைய விலைப் பதிவுகளை அலசி, அந்த விலைகளில் பெரும்பகுதி வாங்குபவர் போட்டியால் வந்ததுபோல் இல்லை, உள்ளே ஒரு சூத்திரம் போட்டு எடுத்ததுபோல் இருக்கிறது என்று எழுதினார்கள். 2017 இறுதியில் அமேசானே ஏல முறையை விலக்கிவிட்டது. இப்போது விலை மெதுவாக ஏறி இறங்குகிறது. அதை வைப்பது கம்பெனிதான்.

உங்களுக்கு இதனால் என்ன? இரண்டு விஷயம். ஏலம் கேட்கத் தெரிய வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். அன்றைய விலையைப் பார்த்து எடுத்தால் போதும். ஆனால் இது தோல் மண்டியில் பலர் நின்று கேட்கும் விலையும் அல்ல. விற்பவர் ஒருவர், விலைப்பலகையும் அவருடையது. ஆகவே இரண்டு மூன்று கம்பெனிகளின் விலையை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே கம்பெனிக்குள்கூட மும்பைக்கு ஒரு விலை, ஹைதராபாத்துக்கு ஒரு விலை இருக்கும்.

எல்லா கம்பெனிகளையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டு வாங்கும் பொதுச் சந்தை இல்லையா?

முயன்று பார்த்தார்கள். பிராங்க்பர்ட் பங்குச்சந்தையை நடத்தும் டாயிச்ச போர்ஸ நிறுவனம் 2015-ல் கணினித் திறனுக்கென்றே ஒரு சந்தையைத் திறந்தது. அடுத்த ஆண்டே மூடிவிட்டது. தங்கம் யாரிடம் வாங்கினாலும் தங்கம். கணினி அப்படியில்லை. ஒரு கம்பெனியின் அமைப்புக்குப் பழகிய மென்பொருளை இன்னொன்றுக்கு மாற்ற வேலை ஆகும்; தரவை நகர்த்தச் செலவு ஆகும்.

ஜி.பி.யு. (படங்களையும் பெரிய கணக்குகளையும் வேகமாகக் கையாளும் சில்லு) விஷயத்தில் மட்டும் இப்போது சந்தைகள் உயிரோடு இருக்கின்றன. வாஸ்ட், ஆகாஷ் போன்ற தளங்களில் தனியார் தங்கள் இயந்திரங்களைப் போட்டி விலைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஜி.பி.யு. வேலை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது எளிது. அதனால்தான் அங்கே சந்தை நிற்கிறது.

எங்கள் தொழிலில் எதை ஸ்பாட்டில் போடலாம்?

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது இந்த நிமிடம் நின்றால் யாருக்கு நஷ்டம்?

டேலி, சம்பளக் கணக்கு, பில் போடுவது, பையருக்கான மின்னஞ்சல்: இவை நின்றால் அலுவலகமே நிற்கும். ஸ்பாட்டில் போடவே கூடாது.

ஷூ மாடலின் முப்பரிமாணப் படங்களை உருவாக்குவது: பத்து நிறத்தில், எட்டுக் கோணத்தில் சாம்பிள் படம் வேண்டும் என்று பையர் கேட்கிறார். ஒவ்வொரு படமும் தனி வேலை. ஒன்று நின்றால் அதை மட்டும் திரும்பப் போட்டால் போதும். இரவில் ஓடட்டும், காலையில் பார்க்கலாம். ஸ்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

தோலில் உள்ள குறைகளைக் கேமராவால் கண்டுபிடிக்க மென்பொருளைப் பழக்குவது: உண்ணிக்கடி, கீறல், சூட்டுக்குறி, கத்திக் காயம் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கற்றுக்கொடுப்பதற்கு ஜி.பி.யு. பல மணி நேரம் ஓட வேண்டும். இடைச்சேமிப்பு இருந்தால் ஸ்பாட் போதும்.

ஆனால் பழகிய மென்பொருளைக் கட்டிங் பிரிவில் வைத்து ஓட்டுவது வேறு கதை. தோல் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது கணினி காணாமல் போனால் வேலையாட்கள் கைகட்டி நிற்பார்கள். அதற்கு உறுதியான கணினி வேண்டும். பல நேரம் கம்பெனிக்குள்ளேயே ஒரு பெட்டியை வாங்கி வைப்பதுதான் நல்லது. இணையம் போனாலும் அது ஓடும்.

ரூபாயில் சொன்னால் எவ்வளவு மிச்சம்?

கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். இவை எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலும் அல்ல. உறுதியான ஜி.பி.யு. மணிக்கு ₹100, ஸ்பாட் மணிக்கு ₹30. வேலை 40 மணி நேரம்.

உறுதியாக எடுத்தால் ₹4,000. ஸ்பாட்டில் எடுத்து, இடையில் சில முறை பறிபோய், இடைச்சேமிப்பு இருந்ததால் மொத்தம் 5 மணி நேர வேலையை மட்டும் திரும்பச் செய்ய நேர்ந்தால், 45 மணிக்கு ₹1,350. மூன்றில் ஒரு பங்கு.

இடைச்சேமிப்பு இல்லாமல் 35-வது மணியில் பறிபோனால்? முதலிலிருந்து தொடங்க வேண்டும். 75 மணிக்கு ₹2,250. இன்னும் மலிவுதான் என்று தோன்றும். ஆனால் ஒன்றரை நாள் தாமதம். அந்தத் தாமதத்தால் சாம்பிள் ஒப்புதல் தள்ளிப்போய், கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், மிச்சம் பிடித்த ₹1,750 எந்த மூலைக்கு? கெடு நெருங்கிவிட்டால் மலிவைப் பார்க்காமல் உறுதியான கணினிக்கு மாறிவிடுங்கள்.

ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தம் போடலாமா?

நாள் முழுக்க, ஆண்டு முழுக்க ஓடும் வேலை இருந்தால் மட்டும். இதையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு ₹10 விலையுள்ள ஒரு கணினி மாதம் முழுக்க ஓடினால் சுமார் 730 மணி, ₹7,300. ஒப்பந்தம் போட்டு 40 சதவீதம் தள்ளுபடி வாங்கினால் ₹4,380. ஆனால் உங்கள் அலுவலகம் மாதம் 26 நாள், நாளுக்கு 10 மணி நேரம்தான் நடக்கிறது. மற்ற நேரம் அணைத்துவைத்தால் முழு விலையிலேயே 260 மணிக்கு ₹2,600 தான். சேமிப்பிடத்துக்கு மட்டும் தனியாகச் சிறு தொகை ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குப் போகும்போது லைட்டை அணைப்பவர்கள் கிளவுட் கணினியை அணைப்பதில்லை. கண்ணில் படாததுதான் காரணம். இரவு எட்டு மணிக்குத் தானாக அணைந்து காலையில் தானாகத் தொடங்கும்படி ஒருமுறை அமைத்துவிட்டால், பல சிறு கம்பெனிகளுக்கு வேறு எந்தத் தள்ளுபடியும் தேவைப்படாது.

மூன்றாண்டு ஒப்பந்தம் இன்னும் யோசிக்க வேண்டியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டது நினைவிருக்கும். ஆர்டர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று ஆறு மாதத்துக்கே சொல்ல முடியாத தொழிலில், மூன்றாண்டுக்குக் கணினி வாடகைக்குக் கையெழுத்துப் போடுவது பெரிய துணிச்சல்.

வேண்டாமென்றால் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு விற்கலாமாமே?

ஒரு வகைக்கு மட்டும் முடியும். அமேசான் 2012-ல் இதற்கென ஒரு மறுவிற்பனைச் சந்தையைத் திறந்தது. மீதிக் காலத்தை நீங்கள் விலை வைத்து விற்கலாம். விற்பனைத் தொகையில் 12 சதவீதத்தை அமேசான் எடுத்துக்கொள்ளும். ஆனால் விற்பவருக்கு அமெரிக்க வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். வாணியம்பாடியில் இருக்கும் ஒரு சிறு கம்பெனிக்கு இது பெரும்பாலும் மூடிய கதவுதான். பின்னால் வந்த 'சேவிங்ஸ் பிளான்' என்ற ஒப்பந்த வகையை விற்கவே முடியாது. ஆகவே 'வேண்டாமென்றால் விற்றுக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசு தரும் மலிவுக் கணினி நமக்குக் கிடைக்குமா?

மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் 'இந்தியா ஏ.ஐ. மிஷன்' திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு ₹10,372 கோடி ஒதுக்கியது. அரசு நேரடியாகக் கணினி வாங்கி வைக்கவில்லை. யோட்டா, இ2இ, டாடா கம்யூனிகேஷன்ஸ், ஜியோ போன்ற கம்பெனிகளிடம் டெண்டர் கேட்டு, ஒவ்வொரு ஜி.பி.யு. வகைக்கும் யார் என்ன விலைக்குத் தருவார்கள் என்று பட்டியல் போட்டது. வந்ததில் குறைந்த விலைக்கு மற்றவர்களையும் இறங்கச் சொன்னது. அந்த விலையிலும் 40 சதவீதம் வரை அரசே ஏற்கிறது.

மானியம் போக மணிக்கு ₹100-க்குள் வரும் என்று 2025 ஜனவரியில் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். அப்போது கணக்கில் இருந்தவை 18,693 ஜி.பி.யு.க்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் 38,000 ஆயிற்று. சராசரி விலை மணிக்கு ₹65 என்று அரசு சொல்கிறது. இதற்கான இணைய வாசல் 2025 மார்ச்சில் திறந்தது.

ஸ்டார்ட்அப், மாணவர், ஆய்வாளர், கல்லூரி மட்டுமல்லாமல் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவு வேலைக்கு மட்டுமே. டேலியை ஓட்ட இங்கே இடமில்லை. 'என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். நாளைக்கே வேண்டும் என்ற அவசர வேலைக்கு இது உதவாது. தோல் குறை கண்டுபிடிக்கும் மென்பொருளைப் பழக்குவது போன்ற, திட்டமிட்டுச் செய்யும் வேலைக்கு உதவும்.

தனியாகத் திட்டம் எழுதத் தெரியாது என்றால் தயங்க வேண்டாம். வேலூரில் வி.ஐ.டி. இருக்கிறது. தோலுக்கென்றே 1948 முதல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆய்வாளர்களிடம் கணினி அறிவு உண்டு. உங்களிடம் தோல் உண்டு, எது குறை எது குறையில்லை என்று பார்த்ததும் சொல்லும் தரம் பிரிப்பவர் உண்டு. அவர் சொல்லாமல் எந்த மென்பொருளும் பழகாது.

எங்கள் கணினிகள் இரவில் சும்மா இருக்கின்றன. நாமே வாடகைக்கு விட்டால்?

கணக்குப் பார்க்கும் கணினியைச் சந்தையில் யாரும் கேட்பதில்லை. விலை போவது பெரிய ஜி.பி.யு. மட்டும். அதுவும் இடையறாத மின்சாரம், வேகமான இணைய இணைப்பு, குளிரூட்டல் மூன்றும் இருந்தால்தான். மின் கட்டணமும் தேய்மானமும் வாடகையைத் தின்றுவிடும். முன்பின் தெரியாதவரின் வேலை உங்கள் கம்பெனி இணைப்பில் ஓடுவதில் ஆபத்தும் உண்டு. டிசைனுக்காக வாங்கிய நல்ல ஜி.பி.யு. ஒன்று சும்மா இருந்தால், உங்கள் இரவு வேலையையே அதில் போடுங்கள். மலிவான ஸ்பாட் அதுதான்.

நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து வாங்கினால் விலை குறையுமா?

சேர்ந்து செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒவ்வொரு சிறு டேனரியும் தனி நிலையம் கட்ட முடியாது என்பதால்தான் வாணியம்பாடியில் வாணிடெக், ராணிப்பேட்டையில் ராணிடெக், மேல்விஷாரத்தில் விஷ்டெக் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், இவற்றில் சேராமலும் தனி நிலையம் இல்லாமலும் ஆலை நடத்த முடியாத நிலை வந்தது. உறுப்பினர்கள் சேர்ந்து கம்பெனியாகப் பதிந்து, பயன்படுத்தும் அளவுக்கேற்பச் செலவைப் பகிர்கிறார்கள்.

கணினியிலும் அப்படிச் செய்யலாம். ஆனால் மூன்று விஷயங்களை எழுத்தில் வையுங்கள். ஒன்று, யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று அளக்கும் வழி. இரண்டு, ஒருவருக்கு ஆர்டர் விழுந்துவிட்டால் அவர் பங்கை யார் கட்டுவது. மூன்று, ஒரு கம்பெனியின் டிசைனை இன்னொரு கம்பெனி பார்க்க முடியாதபடி பூட்டு. பையர் கொடுத்த டிசைன் பக்கத்துக் கம்பெனிக்குத் தெரிந்தால் போவது ஆர்டர் மட்டுமல்ல, பெயரும்தான்.

ஒருவர் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அதற்கும் பில்லும் ஜி.எஸ்.டி.யும் உண்டு. விற்கும் கம்பெனியின் நிபந்தனைகள் அப்படிப் பிரித்துக் கொடுப்பதை அனுமதிக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லில் எங்கே அடி விழும்?

பெரும்பாலும் கணினி வாடகையில் அல்ல, அதைச் சுற்றியுள்ளவற்றில். தரவை உள்ளே அனுப்புவது பொதுவாக இலவசம். வெளியே எடுப்பதற்குக் கட்டணம். கணினியை அணைத்தாலும் அதன் சேமிப்பிடத்துக்கு வாடகை ஓடும். சோதனைக்காகத் தொடங்கி மறந்துபோன கணினி மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும்.

முதல் நாளே செலவு வரம்பு எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எச்சரிக்கை மின்னஞ்சல்தான் வரும், தனியாக ஏற்பாடு செய்திருந்தால் ஒழியக் கணினி தானாக நிற்காது.

இந்தச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கணக்குத் தொடங்கும்போதே உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துவிட்டால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறலாம். எண் இல்லாமல் தனிநபர் பெயரில் தொடங்கினால் அந்தப் பணம் போனதுதான். ஏற்றுமதியாளர் என்றால் வரியைத் திரும்பப் பெறும்போது இதையும் சேர்க்கும் வழியை ஆடிட்டரிடம் கேளுங்கள். கார்டில் மாதாமாதம் தானாகக் கழியும்படி வைத்திருந்தால், ₹15,000-க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும். ஊரில் இல்லாதபோது அது தவறிப்போனால் சேவை தடைபடலாம்.

எதை வெளியே அனுப்பவே கூடாது?

தொழிலாளர்களின் ஆதார், வங்கி எண், பி.எஃப். விவரம், மருத்துவப் பதிவு ஆகியவற்றை முகம் தெரியாத தனியார் இயந்திரங்கள் உள்ள மலிவுச் சந்தைகளுக்கு அனுப்பாதீர்கள். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அவற்றைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது. வாடகைக்கு இயந்திரம் விட்டவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. பையரோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அவர் டிசைன்களுக்கும் இதே விதி. தோலின் படங்கள் போனால் பெரிய நஷ்டமில்லை. ஆட்களின் விவரம் போகக் கூடாது.

சரி, எங்கே தொடங்குவது?

ஒரு தாளில் உங்கள் கணினி வேலைகளை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நிற்கவே கூடாது', 'ஒரு மணி நேரம் நிற்கலாம்', 'நாளை முடிந்தாலும் பரவாயில்லை' என்று குறியுங்கள். முதல் வகைக்கு உறுதியான கணினி. இரண்டாவதற்கு, வேண்டும்போது எடுத்து வேலை முடிந்ததும் அணைப்பது. மூன்றாவதற்கு ஸ்பாட், அல்லது செயற்கை நுண்ணறிவு வேலை என்றால் அரசுத் திட்டம்.

மூன்றாவது வகையில் ஒன்றும் இல்லை என்றால் ஸ்பாட் உங்களுக்கு வேண்டாம். எத்தனை சதவீதத் தள்ளுபடி சொன்னாலும். இருந்தால், அதில் சின்னதாக ஒன்றை மட்டும் முதல் மாதம் போட்டுப் பாருங்கள். நடுவில் நீங்களே ஒருமுறை கணினியை நிறுத்திப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? தொடர்ந்தால் அடுத்த மாதம் பெரிய வேலையைக் கொடுக்கலாம். தொடராவிட்டால், மென்பொருளைச் சரிசெய்து தரும்வரை விற்க வந்தவருக்கு முழுப் பணம் கொடுக்காதீர்கள்.